இண்டக்‌ஷனிலிருந்து கேஸ் அடுப்புக்கு மாறும்போது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வேளச்சேரித் தெருவில் மூன்று நாள் கரன்ட் இல்லை. வீட்டில் இருந்ததோ இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும். 72 வயது அம்மாவுக்கு ஒரு டம்ளர் வெந்நீர்கூட என்னால் வைத்துக் கொடுக்க முடியவில்லை. தண்ணீர் வடிந்த அடுத்த வாரமே புது கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஏஜென்சியில் ஆதார், முகவரிச் சான்று கேட்பார்கள். நான் வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். 14.2 கிலோ சிலிண்டருக்கு 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250 ரூபாய் டெபாசிட். கனெக்‌ஷனை ஒப்படைக்கும்போது இந்தப் பணம் திரும்ப வரும். அதனால் டெபாசிட்டுக்குத் தரும் ரசீதான வவுச்சரைப் பத்திரமாக வையுங்கள். அடுப்பை ஏஜென்சியிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

அடுப்பு வாங்கும் முன்பே சிலிண்டருக்கு இடம் பார்த்துவிடுங்கள். நான் இதைப் பிறகுதான் யோசித்தேன். மேடைக்கு அடியில் வைக்கலாம் என்று நினைத்த மூலைக்கு நேர் மேலே, இண்டக்‌ஷனுக்காகப் போட்ட பிளக் பாயின்ட் இருந்தது. சுவிட்சைத் தட்டும்போது உள்ளே சின்னதாய்ப் பொறி வரும். கேஸ் கசிந்த நேரத்தில் அந்தப் பொறியே போதும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்கை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனை நம்பி, மூடிய கப்போர்டுக்குள் சிலிண்டரை வைக்காதீர்கள். அடியில் காற்று போய்வர வழி வேண்டும். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூப் வாங்கும்போது உள்ளே கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபையே கேளுங்கள். அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து ஐந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும்.

சிலிண்டர் வந்ததும், கொண்டு வந்தவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள். "அண்ணே, ஒரு நிமிஷம், செக் பண்ணிடலாம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்பக்கம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். சி-27 என்றால் 2027 செப்டம்பருக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். அப்புறம் மூடியைக் கழற்றி, வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வந்த முதல் சிலிண்டரில் வாஷர் வெடித்திருந்தது. ரெகுலேட்டரை மாட்டியதும் 'உஸ்' என்ற சத்தம். உடனே கழற்றி மூடியைப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

ரெகுலேட்டரை மாட்டும்போது அதன் சுவிட்ச் ஆஃபில் இருக்கட்டும். அடியில் உள்ள கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் வைத்து லேசாகத் திருப்பி அழுத்தி, வளையத்தைக் கீழே தள்ளினால் 'கிளிக்' என்று உட்காரும். பிறகு ஆன் செய்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கவே கூடாது.

அம்மாவுக்குப் பழக்கத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. இண்டக்‌ஷனில் டைமர் வைத்துவிட்டு அவர் பூஜைக்குப் போய்விடுவார், நேரம் முடிந்ததும் அது தானாக நிற்கும். கேஸ் நிற்காது. பால் பொங்கி வழிந்தால் தீ அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதனால் அடுப்பில் பால் இருந்தால் சமையலறையை விட்டு நகர்வதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். லைட்டரைப் பர்னர் அருகே கொண்டுபோன பிறகே குமிழைத் திருப்புவது, இரவில் ரெகுலேட்டரை மூடுவது, இவையும் மெல்லப் பழகிவிட்டன.

கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், அணைக்கக்கூட வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். எண்ணைப் பெரிதாக எழுதி வாசற்கதவில் ஒட்டியிருக்கிறேன்.

பாத்திரங்களில் பெரிய செலவு இல்லை. இண்டக்‌ஷனில் வைத்த குக்கரைக் கேஸிலும் வைக்கலாம். தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுடும், ஆகவே சின்னப் பாத்திரத்துக்குச் சின்னப் பர்னர். பரணில் கிடந்த அலுமினிய இட்லிப் பானையும் குழிந்த இரும்பு வாணலியும் மீண்டும் கீழே வந்தன. தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அப்படியும் மாறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இண்டக்‌ஷனை விற்கவில்லை. எங்களிடம் ஒரே சிலிண்டர்தான். அது தீர்ந்து அடுத்தது வரும்வரை, எதிர்ச் சுவர் பிளக்கில்தான் எங்களுக்குக் காபி.