நட்டத்துக்கு எதுக்குங்ணா ரிட்டன்?

2025 புரட்டாசி முதல் சனிக்கிழமை. காரமடை பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் நாமம் காயும் முன்னே ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். எங்கள் மில்லில் குவாலிட்டி பார்க்கிற பையன்.

"அண்ணா, பங்குல 2 லட்சத்து 15 ஆயிரம் போயிருச்சுங்ணா. இன்கம்டாக்ஸ் ரிட்டன் போட்டுக் குடுங்க."

கெடு என்றைக்கு முடிந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"நட்டந்தானுங்ணா. வரி ஒண்ணும் வராதே, மெதுவாப் போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

2025-இல் ஜூலை 31 கெடுவைச் செப்டம்பர் 15 ஆக்கி, கடைசியில் இன்னொரு நாளும் கூட்டி 16 வரை கொடுத்திருந்தார்கள். அவன் வந்தது 20-ஆம் தேதி. நெற்றியில் ஒரு நாமம், கணக்கில் ஒரு நாமம்.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. இதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். நான் ஆடிட்டர் இல்லை. அன்னூரில் நூல் மில் கணக்கு எழுதுகிறவன். சொந்தபந்தம், கூட வேலை செய்பவர்கள் என்று வருடம் ஐம்பது அறுபது பேருக்கு ரிட்டன் போட்டுத் தருகிறேன். பான் எண்ணைத் தப்பாக அடிப்பது, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அதற்கு வரித் துறையின் போர்ட்டலே சிவப்பு எழுத்தில் கத்தும். கத்தாமல் காசைத் தின்கிற தவறுகள் வேறு.

கெடு தாண்டுவது

நான் பங்கு வாங்க ஆரம்பித்தது 2019 ஆடி மாதம். அடுத்த மார்ச் 23-ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்தது. மறுநாள் ராத்திரி நாடு முழுக்க ஊரடங்கு என்றார்கள். மில் மூடினால் சம்பளம் வருமா என்ற பயத்தில் அந்த வாரமே எல்லாவற்றையும் விற்றேன். வாங்கி ஒரு வருடம் ஆகாத பங்குகள், ஆக எல்லாமே குறுகிய கால நட்டம். கூட்டிப் பார்த்தால் 3,40,000.

அந்த வருடத்து ரிட்டனுக்குக் கொரோனாவைச் சொல்லிக் கெடுவைத் தள்ளித் தள்ளி 2021 ஜனவரி 10-இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அத்தனை தள்ளியும் எனக்குப் போதவில்லை. மாட்டுப்பொங்கல் முடியட்டும் என்று இருந்துவிட்டு 19-ஆம் தேதி போட்டேன். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய். ரிட்டன் ஏறியது, பெங்களூர் வரி மையத்திலிருந்து ஒப்புதலும் வந்தது. வேலை முடிந்தது என்று ஃபைலை மூடிவைத்தேன்.

2021 ஐப்பசியில் கோவில்பாளையம் பக்கம் 2009-இல் வாங்கிப் போட்டிருந்த 4 சென்ட் சைட்டை விற்றேன். வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி ஏற்றிக் கழித்தபின் நீண்டகால லாபம் 6,10,000. பங்கில் போன 3,40,000-ஐ இதில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யோசனையில் தப்பில்லை. குறுகிய கால மூலதன நட்டத்தை எந்த மூலதன லாபத்திலும் கழிக்கலாம், அது சைட்டாக இருந்தாலும் சரி. நீண்டகால நட்டத்தைத்தான் நீண்டகால லாபத்தில் மட்டும் கழிக்க முடியும்.

அவ்வளவு பெரிய தொகை என்பதால் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டரிடம் போனேன். அவர் என் பழைய ரிட்டனைத் திறந்து, கடைசிப் பக்கங்களில் ஷெட்யூல் சிஎஃப்எல் என்ற கட்டத்துக்குப் போனார். அடுத்த வருடங்களுக்கு எடுத்துப்போகும் நட்டத்தைக் காட்டுகிற அட்டவணை அது. அதில் என் நட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். பேனா முனையை அதன்மேல் வைத்தபடியே, "ஒன்பது நாள் லேட்டுங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

3,40,000-க்கு அன்றைய வரி 20 விழுக்காடு, 68,000. அதற்கு 4 விழுக்காடு செஸ் 2,720. ஆக 70,720 ரூபாய். மாட்டுப்பொங்கல் இன்றைக்கும் என் வீட்டில் அந்தத் தொகையோடுதான் பிறக்கிறது. வீட்டுக்காரி விடுவதாயில்லை.

விதி இதுதான். பங்கு, எஃப் அண்ட் ஓ (வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்த வணிகம்) நட்டங்களை அடுத்த வருடங்களுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் முதல் கெடுவுக்குள் ரிட்டன் போட்டிருக்க வேண்டும். மூலதன நட்டத்துக்கு எட்டு வருடம் ஆயுள். தாமதமாகப் போட்டாலும் ரிட்டன் செல்லும், நட்டந்தான் செல்லாது. அதே வருடத்து லாபத்தில் கழிப்பதற்கு மட்டும் தாமதம் தடையில்லை. நம்ம தம்பிக்கு வேறொரு பங்கில் 40,000 லாபம் இருந்தது, அந்த அளவுக்குத் தப்பித்தான். மிச்சம் 1,75,000 காற்றோடு போயிற்று.

வரி கட்ட வேண்டியவன் தாமதித்தால் வட்டியும் கட்டணமும் கட்டி மீண்டுவிடலாம். நட்டப்பட்டவனுக்கு அந்த வழியும் கிடையாது. "அப்டேட்டட் ரிட்டன்னு ஒண்ணு இருக்குதாமே" என்று யாராவது கிளம்புவார்கள். அது விட்ட வருமானத்தைக் காட்டிக் கூடுதல் வரி கட்டுவதற்கு, நட்டத்தைக் கொண்டுவருவதற்கு இல்லை. தாமதத்தைப் பொறுத்தருளச் சொல்லி மனுப் போட இடம் உண்டு. ஆனால் நியாயமான காரணம் காட்ட வேண்டும். மாட்டுப்பொங்கல் என்று எழுத முடியுமா?

இதில் எனக்கு இன்னும் எரிச்சல், போர்ட்டல் எந்த இடத்திலும் நிறுத்தி எச்சரிக்கவில்லை என்பதுதான். கட்டணத்தை வாங்கிக்கொண்டு "வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்று பச்சை டிக் வேறு போட்டது.

விற்காத பங்கின் நட்டத்தை எழுதுவது

விற்றால்தான் நட்டம். போனில் சிவப்பாகத் தெரிவது கணக்கில் வராது.

விற்ற அன்றே திரும்ப வாங்குவது

நிதியாண்டு முடியும் மார்ச் கடைசியில், நட்டத்தில் கிடக்கும் பங்கை விற்று நட்டத்தைப் பதிவு செய்துவிட்டு, லாபத்தில் கழிக்கப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் பங்கை விடவும் மனசு வராது. காலையில் 500 பங்கை விற்று, மதியம் அதே கணக்கில் 500 வாங்கிவிடுவார்கள். பங்கு டீமேட்டை, அதாவது பங்குகள் கிடக்கும் கணக்கை, விட்டு நகரவே இல்லை. அது இன்ட்ராடே, அதாவது ஒரே நாளில் வாங்கி விற்கும் வணிகம், ஆகிவிட்டது. இன்ட்ராடே நட்டம் ஸ்பெகுலேஷன் (ஊக வணிகம்) வகை. அதை ஸ்பெகுலேஷன் லாபத்தில் மட்டுமே கழிக்கலாம், ஆயுளும் நாலு வருடந்தான். விற்ற பங்கு கணக்கை விட்டுப் போகட்டும், மறுநாள் வாங்குங்கள்.

புரோக்கர் தாளையும் ஏ.ஐ.எஸ்-ஐயும் கண்ணை மூடி நம்புவது

புளியம்பட்டி அக்கா ஒருவருக்கு அவருடைய அப்புச்சி வைத்திருந்த பங்குகள் வந்தன. விற்றார். ஏ.ஐ.எஸ்-இல், அதாவது நம் வரவுகளை வரித் துறையே தொகுத்துக் காட்டும் ஆண்டறிக்கையில், வாங்கிய விலை பூஜ்யம் என்று இருந்தது, ஆக விற்ற தொகை முழுக்க லாபம். வாரிசாக வந்த பங்குக்கு முன்னவர் வாங்கிய விலைதான் விலை, அவர் வைத்திருந்த காலமும் சேரும். அப்புச்சியின் டிரங்குப் பெட்டியில் பங்கு வாங்கியதற்குப் புரோக்கர் கொடுத்த பழைய காண்ட்ராக்ட் நோட்டு கிடைத்ததால் பிழைத்தோம். ஒரு டீமேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பங்குகளிலும் இந்தக் கோளாறு வரும். புதிய புரோக்கருக்கு நீங்கள் வாங்கிய விலை தெரியாது.

2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளில் இன்னொரு சூட்சுமம். அன்றைய விலையை வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பாதி கேட்டுவிட்டு வருவார்கள். 100-க்கு வாங்கியது, அன்றைக்கு 300, இப்போது 250-க்கு விற்றீர்கள். 50 ரூபாய் நட்டம் என்று எழுத முடியாது. விற்ற விலையைத் தாண்டி அந்த விலை ஏறாது. லாபமும் பூஜ்யம், நட்டமும் பூஜ்யம்.

எஃப் அண்ட் ஓ நட்டத்தைச் சம்பளத்தில் கழிப்பது

முடியாது. அது தொழில் நட்டம், ஐ.டி.ஆர் 3 என்ற ரிட்டன் படிவத்தில் போட வேண்டும். வாடகை, வங்கி வட்டி, தறி லாபம் இவற்றில் அதே வருடம் கழிக்கலாம். மிச்சத்தை எட்டு வருடம் தொழில் லாபத்தில் மட்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ ஆடிய தனிநபர்களில் 93 விழுக்காடு பேர் நட்டப்பட்டிருந்தார்கள். என்னிடம் வருகிறவர்களிலோ பாதிப்பேர் "அதைக் காட்டணுமுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கிரிப்டோ

பிட்காயின் மாதிரியானவற்றில் பட்ட நட்டம் எதிலும் கழியாது. எடுத்துப்போகவும் முடியாது.

போட்டுவிட்டு வெரிஃபை செய்யாமல் விடுவது

ரிட்டனைப் போட்டபின், போட்டது நாம்தான் என்று ஓ.டி.பி மாதிரி ஒன்றைக் கொடுத்து உறுதிசெய்வதுதான் வெரிஃபை. என் மச்சான் 2024 ஜூலை 28-ஆம் தேதியே ரிட்டன் போட்டான். மூன்று நாள் முன்னதாக. ஓ.டி.பி வர வேண்டிய ஆதார் சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்து நாளாகியிருந்தது. அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டவன், செப்டம்பரில் புது சிம் வாங்கி வெரிஃபை செய்தான். 30 நாளுக்குள் செய்தால் போட்ட தேதி செல்லும். தாண்டினால் வெரிஃபை செய்த தேதிதான் ரிட்டன் போட்ட தேதி. அவனுடைய நட்டம் 90,000 அப்படியே போயிற்று. நெட் பேங்கிங் வழியாக இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம், யாரும் சொல்லவில்லை என்கிறான். வெரிஃபை ஆயிற்றா என்று நானும் அவனைக் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் பான் கார்டு கேட்கும் முன்னே, "ஆதார் நம்பருக்கு ரீசார்ஜ் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரையே திறக்கிறேன்.