விண்வெளி நிலைய வாழ்க்கையை விளக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளில் விண்வெளி வீரர்களின் நீண்ட பயணங்களைப் பற்றிப் பேசப் புதிதாக வந்திருக்கும் தன்னார்வலர்களுடன் சென்ற மாதம் சில வகுப்புகளில் உட்கார்ந்திருந்தேன். தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். தேதி தடுமாறுவது, பெயர் மறப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவைதான் கவலை.

"அங்கே ஈர்ப்பு விசை இல்லை"

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் வாக்கியம் இது. முதல் ஆண்டில் சொந்தச் செலவில் 500 கையேடுகள் அச்சடித்தேன். முதல் பக்கத்திலேயே இதை எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் ஏன் சார் பூமியையே சுற்றுகிறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அத்தனை கையேடுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்குக் கோபுரம் கட்டி உச்சியில் எடை பார்த்தால், தரையில் 60 கிலோ இருப்பவர் 53 கிலோ இருப்பார். ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதக்கிறார்கள். மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரைவதால் தரையைத் தொடுவதில்லை.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியில்லாமல் மாடியிலிருந்து கீழே விடுங்கள். விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து நீர் ஒழுகாது. பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

இது புரியாத பிள்ளைக்கு எலும்புத் தேய்மானமும் புரியாது. கால்கள் உடலைத் தாங்கும் வேலையே இல்லாததால், இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் குறையக்கூடும். அதனால்தான் தினமும் சுமார் இரண்டு மணி நேர உடற்பயிற்சி.

ஸ்காட் கெல்லியின் மரபணு

விண்வெளி நிலையத்தில் 340 நாள் தங்கித் திரும்பிய அமெரிக்க வீரர் கெல்லியின் டி.என்.ஏ. 7 சதவீதம் மாறிவிட்டது என்று சொல்லாதீர்கள். மாறியது மரபணுக்கள் செயல்படும் விதம், டி.என்.ஏ. அப்படியேதான் இருந்தது.

நீண்ட பயணச் சாதனை

சாதனை சுனிதா வில்லியம்ஸுடையது என்று சொல்லாதீர்கள். அவர் 2024-25இல் தங்கியது 286 நாள். ஒரே பயணத்தில் அதிக நாள் இருந்தவர் ரஷ்ய வீரர் வலேரி பொல்யாகோவ். ரஷ்யாவின் பழைய மிர் விண்வெளி நிலையத்தில் 437 நாள்.

16 சூரிய உதயங்கள்

நிலையம் ஒரு நாளில் பூமியைச் சுமார் 16 முறை சுற்றுவதால் அத்தனை உதயங்கள் தெரியும் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். வீரர்கள் தூங்கி எழுவது கிரீன்விச் நேரப்படி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கழிப்பறை

அங்கே கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.