நிற்காமல் போன பிள்ளையைத் தேடுவது எப்படி

"பெத்தது எட்டு, நின்னது அஞ்சு." அப்பாயி தன் கதையை இப்படித்தான் ஆரம்பிப்பார். நின்ற ஐந்து பேரைத்தான் எனக்குத் தெரியும். நிற்காத, அதாவது சின்ன வயதிலேயே இறந்துபோன மூன்றில் ஒன்றை மட்டும் தேடிப் பிடித்தேன். மலேசியாவில் பினாங்கு, பிறை பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெரியவர்களிடம் "சின்ன வயசுல யாராவது செத்தாங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று பேச்சு முடிந்துவிடும். "பாட்டிக்கு எத்தனை பிரசவம்?" என்று கேளுங்கள். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் விட்டுப்போனது தானாக வாயில் வரும்.

அடுத்து, எல்லாருடைய பிறந்த வருடத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா 1937, லெட்சுமி அத்தை 1939, அப்பா 1944. அத்தைக்கும் அப்பாவுக்கும் நடுவே ஐந்து வருடம். பிள்ளை அங்கேதான் தவறியிருக்கும் என்று நினைத்து, ஆறு மாதம் தப்பான இடத்தில் தேடினேன்.

முடிச்சை அவிழ்த்தது அத்தைதான், அதுவும் தற்செயலாக. "நான் பொறக்கறப்பவே ஜப்பான்காரன் வந்துட்டான்னு ஆத்தா சொல்லும்" என்றார். பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனது 1941 டிசம்பர் 19. பிறப்புப் பத்திரத்தில் 1939 அக்டோபர் என்று இருப்பவர் எப்படி ஜப்பான்காலத்தில் பிறந்திருக்க முடியும்?

நடந்தது இதுதான். 1939இல் பிறந்த லெட்சுமி வேறு. அவள் போன பிறகு, 1942இல் பிறந்தவளுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் கலவரத்தில் யார் போய்ப் பதிவது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாத்தா டிரங்குப் பெட்டியிலிருந்து மூத்தவளின் பத்திரத்தை எடுத்து நீட்டிவிட்டார். ஜப்பான்காலத்தால் படிப்பு கெட்டு, வயது கூடிய பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. அத்தை ஊழியர் சேமநிதிப் பணத்தை 55 வயதில் எடுத்தார். உண்மையில் அப்போது அவருக்கு 53கூட ஆகவில்லை! அதனால், பத்திரத்து வயதை நம்புவதற்கு முன் அதைக் குடும்பம் சொல்லும் பெரிய சம்பவங்களோடு ஒட்டிப் பாருங்கள்: ஜப்பான்காலம், 1948 அவசரகாலம், மெர்டேக்கா (1957 சுதந்திரம்). தப்பு தெரிந்ததும் அடையாள அட்டையைத் திருத்த ஓடவேண்டாம். நம் வேலை குடும்பத் தாளோடு நிற்கட்டும்.

இனி, பிறப்பு இறப்பைப் பதியும் தேசியப் பதிவிலாகா. இறப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஐசி (அடையாள அட்டை), அப்பாவின் பிறப்புப் பத்திரம், பாட்டியின் இறப்புப் பத்திரம், மூன்றையும் கையில் கொண்டுபோனால் உறவைக் காட்டுவது சுலபம். ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். பிறை அப்போது பினாங்கோடு சேர்ந்து, பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றத்தில் (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்) இருந்தது. பக்கத்திலேயே இருந்தாலும் பாரிட் புந்தார் பேராக், கூலிம் கெடா. பிள்ளை இறந்த இடம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலில் நானே சறுக்கினேன். 'எல்-ஏ-கே' என்று தொடங்கி எழுதிக் கொடுத்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்தபடி 'எல்-ஈ-டி-சி-எச்' என்று எழுதியிருந்தார். நாலைந்து விதமாக எழுதிக் கொண்டுபோங்கள். பெயர் வைக்குமுன் போன பிள்ளை வெறும் 'பெண் குழந்தை' என்று பதிவாகியிருக்கலாம். அதற்கு அப்பன் பெயரை வைத்துத்தான் தேடவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாத சாவுகளைப் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில்தான் சொல்லிப் பதிந்தார்கள். டாக்டர் பார்க்காததால் காரணம் என்ற இடத்தில் 'ஃபீவர்' என்றுதான் அதிகம் இருக்கும். எங்களுடையதில் 'கன்வல்ஷன்ஸ்', அதாவது வலிப்பு. "ஜன்னி கண்டு போயிருச்சு" என்று அப்பாயி சொன்னது அதேதான். 1940 ஜூன். எட்டு மாதம்.

சமாதியைத் தேடிப் போவதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நம்மில் கைக்குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். ஆனால் கல் நடுவது அபூர்வம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை லாலாங் புல்லில் சுற்றியதில் எனக்குக் கிடைத்தது கைகால் கீறல்தான். பழைய பத்திரிகைகளும் அப்படியே. கூலிக்காரர் பிள்ளையின் சாவு செய்தியாக வந்ததில்லை.

குடும்பத் தாளில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் சேர்த்து எழுதாதீர்கள். ஆளுக்கு ஒரு கட்டம் போடுங்கள். எங்கள் தாளில் பெரிய லெட்சுமி 1939–1940, அதற்குக் கீழே சின்ன லெட்சுமி 1942. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு கட்டத்தையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கட்டத்தில் விரலை வைத்து, "மாசி மாசம்னு ஆத்தா சொல்லும், அதையும் எழுது" என்றார்.