இலோகானோவையும் கெச்சுவாவையும் ஒப்பிட்டுப் பழகுவது எப்படி?

இலோகானோ, பிலிப்பைன்ஸில் லூசோன் தீவின் வடபகுதி மொழி, ஆஸ்திரோனேசியக் குடும்பம். கெச்சுவா, தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில் பேசப்படுவது. இரண்டும் உறவு மொழிகள் அல்ல. பழகுவதற்கு இப்படி ஒரு ஜோடிதான் நல்லது. எது உறவு, எது கடன், எது தற்செயல் என்று பிரிக்கக் கை வருவது இங்கேதான். தேவைப்படுவது ஒரு நோட்டு, இரண்டு அகராதிகள், இருபது சொற்கள்.

படி 1: எந்தக் கெச்சுவா என்று முடிவு செய்யுங்கள்

கெச்சுவா ஒரே மொழி அல்ல, ஒரு குடும்பம். தண்ணீருக்குப் பெரு நாட்டின் கூஸ்கோ பகுதியில் 'உனு', அதே நாட்டின் அயகூச்சோவில் 'யாக்கு'. இரண்டையும் கலந்து எடுத்தால் அட்டவணை முதல் நாளே கெட்டுப்போகும். இங்கே எல்லாம் கூஸ்கோ வழக்கு. அங்கும் சிலர் மூன்று உயிரெழுத்து வைத்தும் சிலர் ஐந்து வைத்தும் எழுதுகிறார்கள். அகராதியில் ஒரு சொல் 'உ'வில் கிடைக்காவிட்டால் 'ஒ'விலும், 'இ'யில் கிடைக்காவிட்டால் 'எ'யிலும் தேடுங்கள்.

படி 2: நோட்டில் ரோமன் எழுத்தே இருக்கட்டும்

தமிழ் எழுத்தில் குறித்தால் பாதி வேறுபாடு கரைந்துவிடும். கெச்சுவாவில் சூரியன் 'இன்தி'; அதை நம் பழக்கப்படி 'இந்தி' என்று எழுதினால் வேறெதுவோ ஆகிவிடுகிறது! கூஸ்கோவில் 'தன்தா' என்பதை மூன்று விதமாகச் சொல்லலாம். சாதாரண 'த' என்றால் கூட்டம் சேர்தல், மூச்சு கலந்த 'த' என்றால் நைந்து பழையதானது, தொண்டையை அடைத்து வெடிக்கும் 'த' என்றால் ரொட்டி. இலோகானோவில் இந்த மூன்று வகை கிடையாது. ஆனால் சொல்லின் முதலிலேயே ப, த, க ஒவ்வொன்றிலும் வல்லொலி (p, t, k), மெல்லொலி (b, d, g) இரண்டும் வரும். இந்தப் பதிவிலுள்ள தமிழ் எழுத்து ஏறத்தாழத்தான்.

படி 3: அடிப்படைச் சொற்களை எடுங்கள்

உடல், இயற்கை, எண் ஆகியவற்றில் தொடங்குங்கள். இலோகானோ முதலில், கெச்சுவா அடுத்து:

கண்: மத்தா, ஞாவி
கல்: பாத்தோ, ருமி
நெருப்பு: அப்புய், நினா
நிலா: பூலன், கில்யா
இரண்டு: துவா, இஸ்காய்
சூரியன்: இனித், இன்தி

கடைசி வரியைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். ஒரு ஜோடி ஒத்துப்போவது சான்று ஆகாது, அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் திரும்ப வர வேண்டும். மலாய் தெரிந்த மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் இலோகானோ வரிசையை மறுபடி படியுங்கள்; மலாயில் அவை மத்தா, பத்து, அப்பி, புலன், துவா. நெருப்பு அங்கே 'அப்பி', இங்கே 'அப்புய்'. பன்றி அங்கே 'பாபி', இங்கே 'பாபொய்'. ஒரே இடத்தில் ஒரே வித மாற்றம். உறவு என்றால் இப்படித் தெரியும்.

படி 4: கடன் சொற்களைக் களையுங்கள்

மாடு இலோகானோவில் 'பாக்கா', கெச்சுவாவில் 'வாக்கா'. இரண்டுமே ஸ்பானியத்திலிருந்து வந்தவை, இரு நாட்டையும் ஆண்டது ஸ்பெயின். குதிரை, மேசை போன்ற சொற்களிலும் இதே கதை. உருளைக்கிழங்கு மட்டும் சுவாரசியமானது. கெச்சுவாவின் 'பாப்பா' ஸ்பானியத்துக்குள் போய், கரீபியச் சொல்லான 'பத்தாத்தா'வுடன் (batata) கலந்து வேறொரு உருவம் (patata) எடுத்தது; அதுதான் இலோகானோவில் 'பத்தாத்தாஸ்' (patatas). ஆக, இதில் கெச்சுவாவின் ஒரு துளி நிஜமாகவே இருக்கிறது. ஆனாலும் கடன் கடன்தான்.

போலி நண்பர்களும் (ஒலி ஒத்து, பொருள் வேறான சொற்கள்) உண்டு: 'அமா' இலோகானோவில் அப்பா, கெச்சுவாவில் 'செய்யாதே'.

படி 5: சொல்லை வெட்டுங்கள்

கெச்சுவா நமக்குப் பழகிய பாதையில் போகும். வசி (வீடு) + ய் (என்) + குனா (கள்) + மன்தா (இலிருந்து): 'என் வீடுகளிலிருந்து'. எல்லாம் பின்னொட்டு. இலோகானோவில் 'பலாய்' வீடு, 'பல்பலாய்' வீடுகள், 'பல்பலாய்கோ' என் வீடுகள். பன்மைக்குச் சொல்லின் முன்பகுதியே இரட்டிக்கிறது. 'இலிருந்து' வேண்டுமென்றால் அதற்குத் தனிச்சொல், அதுவும் முன்னால்.

தொடங்குபவர்கள் வழுக்குவது ஒட்டுகளில். இலோகானோவில் 'பலாய்தா' என்றால் உனக்கும் எனக்குமான வீடு. கெச்சுவாவில் 'வசிதா' என்றால் வீட்டை. ஒட்டு ஒன்று போலிருந்தாலும் வேலை வேறு. ஆகவே ஒட்டின் ஒலியை ஒரு பத்தியிலும், அது செய்யும் வேலையை அடுத்த பத்தியிலும் தனித்தனியாக எழுதுங்கள்.

படி 6: முழு வாக்கியம்

'மனிதர் உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்' என்பதை எடுத்துக்கொள்வோம். கெச்சுவா: 'ருனா பாப்பாதா மிக்ஹுன்'. தமிழைப் போலவே வினை கடைசியில். இலோகானோவில் வினை முதலில்: 'மங்ஙான் தி தாவோ இதி பத்தாத்தாஸ்'. கவனம் கிழங்கின் மேல் என்றால் வினையே மாறும்: 'கானென் தி தாவோ தி பத்தாத்தாஸ்'. இப்போது பெயர்ச்சொற்களுக்கு முன்னால் இரண்டு 'தி'. அதை வேற்றுமை உருபு என்று எடுத்துக்கொண்டால் யார் யாரைத் தின்றார் என்றே தெரியாது. வினையின் ஒட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 7: தமிழை மூன்றாவது பத்தியாகச் சேருங்கள்

'நாம்', 'நாங்கள்' வேறுபாடு இரண்டு மொழியிலும் உண்டு. கெச்சுவாவில் 'வசின்சிஸ்' நம் வீடு, 'வசிய்கு' எங்கள் வீடு. இலோகானோவில் 'பலாய்தாயோ' நம் வீடு, 'பலாய்மி' எங்கள் வீடு; நாம் இருவர் மட்டும் என்றால் மேலே பார்த்த 'பலாய்தா'.

இன்னும் அழகானது 'ஆம்'. மழை பெய்கிறதாம் என்பதற்குக் கெச்சுவாவில் 'பராஷன்சி', இலோகானோவில் 'அக்துத்துதோ கானோ'. கடைசியிலுள்ள 'சி', 'கானோ' இரண்டும் நம் 'ஆம்' செய்யும் வேலையையே செய்கின்றன: கேள்விப்பட்டேன், நேரில் பார்க்கவில்லை. நேரில் பார்த்தால் கெச்சுவாவில் 'பராஷன்மி'. இந்த 'மி'யையும் இலோகானோவின் 'எங்கள்' என்ற 'மி'யையும் ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். இந்த வரிகளுக்கு நேரே 'உறவு' என்று எழுத வேண்டாம், 'வகை ஒப்புமை' (உறவு இல்லாமலே அமைப்பு ஒத்திருப்பது) என்று குறியுங்கள்.