முகூர்த்த நாளில் காரைக்குடிக்குள் வண்டி ஓட்ட

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் ஏற்றும் மினி லாரி என்னுடையது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியே ஆகிவிட்டது. கல்லுக்கட்டிப் பக்கத் தெருக்கள் மட்டும் மாட்டுவண்டிக் கால அகலத்திலேயே இருக்கின்றன.

வைகாசியில் ஒரே நாளில் எத்தனை கல்யாணம்! முதலில் பத்திரிகையில் நேரத்தைப் பாருங்கள். ஆறு மணி முகூர்த்தம் என்றால் நாலரைக்குள் சாமான் இறங்கிவிட வேண்டும். அப்புறம் கொப்புடையம்மன் கோயில் பக்கம் தலைவைக்காதீர்கள். நூறடி சாலை சுற்றுதான், ஆனாலும் வண்டி நகரும்.

பழைய செட்டியார் வீடு என்றால் ஒரு வசதி உண்டு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். "ஆச்சி, பின்கட்டுக் கதவைத் திறந்து வையுங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொல்லாமல் போய், மாப்பிள்ளை வீட்டுக் கார்களுக்கு நடுவே சாம்பார் அண்டாவோடு முக்கால் மணி நேரம் நின்றேன். மாப்பிள்ளையே இறங்கி நடந்து போனார்.

பின்தெருவுக்குள் ரிவர்ஸில் போங்கள்; வண்டி மூக்கு மெயின் ரோட்டைப் பார்க்க நிற்கட்டும். பக்கக் கண்ணாடியை மடக்கிவிடுங்கள். முன்கண்ணாடியில் போன் நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அப்புறம் வருபவர் ஆரன் அடிக்காமல் போன் அடிப்பார்.