165/80 ஆர்14 டயருக்குப் பதில் 185/70 ஆர்14

மழையில் பிரேக் பிடித்தால் கார் வழுக்கியது. டயரின் பள்ளங்களுக்குள் உள்ள 1.6 மி.மீ. தேய்மான மேடு டிரெட்டோடு (சாலையைத் தொடும் மேற்பரப்பு) சமமாகியிருந்தது. அதற்குமேல் ஓட்டவே கூடாது.

மாற்றாக 185/70 போட்டேன். 185 என்பது டயரின் அகலம் மி.மீ.-இல்; அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 129.5. மேலும் கீழுமாக 259. 14 அங்குல ரிம்முக்கு 355.6 கூட்டினால் விட்டம் 614.6 மி.மீ. பழையது 619.6. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள், எனவே ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது. ரிம் அகலம் ஒத்துப்போக வேண்டும். சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண்) பழையதைவிடக் குறையவே கூடாது.

மாட்டும் முன் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரத் தயாரிப்பு. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அதனால் புரட்டிப் பார்க்கவும்.

இரண்டு மட்டும் வாங்கினால் புதியவை பின்னால்தான், முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும். கடையில் முன்னால் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஈரச்சாலையில் பின்சக்கரம் பிடி விட்டால் வண்டி சுழலும்; ஸ்டீயரிங்கைத் திருப்பி மீட்பது மிகக் கடினம்.

ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் கட்டாயம். காற்றழுத்தம் கதவோரத் தகட்டில் உள்ளபடி, டயர் குளிர்ந்திருக்கும்போது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.