பழைய ஷெவர்லே லாரியின் இக்னிஷன்: எதை மீட்கலாம், எதை வாங்க வேண்டும்

1937 முதல் 1953 வரை வந்த ஷெவர்லே லாரிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். 1928 முதல் 1954 வரை பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைக் கோத்து விற்றதாலும், போர்க்காலத்தில் கனடாவிலிருந்து வந்த ராணுவ ஷெவர்லே லாரிகளிலும் இதே எஞ்சின் இருந்ததாலும், நம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் இதன் மிச்சங்கள் தலைகாட்டுகின்றன. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் இதன் டிஸ்ட்ரிபியூட்டர் டெல்கோ ரெமி நிறுவனத்தது. அதன் உடலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வார்ப்பிரும்பு உடல், ஷாஃப்ட், வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டும் எடைக்கட்டிகள் எல்லாம் பெரும்பாலும் மீட்கக்கூடியவை. தேய்ந்து தீர்பவை பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகள்), கண்டென்சர் (அங்கே பொறி பறப்பதை அடக்கும் கெபாசிட்டர்), ரோட்டர் (சுற்றிப் பொறியைக் கொடுக்கும் நாக்கு), கேப் (அதன் மேல்மூடி), வயர் ஆகியவைதான். பணத்தை இவற்றில் போடுங்கள், நேரத்தை உடலில் போடுங்கள்.

முதலில் ஷாஃப்டின் ஆட்டத்தைப் பாருங்கள். கேப்பையும் ரோட்டரையும் கழற்றிவிட்டு, ஷாஃப்டின் தலையில் டயல் கேஜ் வைத்துப் பக்கவாட்டில் அசையுங்கள். 0.005 அங்குலத்துக்கு (0.13 மி.மீ.) மேல் ஆடினால் புஷ் (ஷாஃப்ட் சுழலும் உறை) மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பாயிண்ட் இடைவெளியே 0.018 அங்குலம்தான்; அதில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டமாகவே போய்விட்டால் ஆறு சிலிண்டரும் ஆறு விதமாகத் தீப்பிடிக்கும். டயல் கேஜ் இல்லாதவர்கள் டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) போடலாம். ஐடிலிலிருந்து வேகம் கூட்டும்போது டுவெல் 3 டிகிரிக்கு மேல் அலைந்தால் அதற்கும் பொருள் இதுதான்.

பிரிக்கும்போது கியரைப் பிடித்திருக்கும் பின்னின் தட்டிய தலையை அரைத்துவிட்டுப் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் கியரிலும் ஷாஃப்டிலும் ஒரே நேராகப் பஞ்ச் குறி வைத்துக்கொள்ளுங்கள். கியர் அரைச் சுற்று மாறி ஏறினால் ரோட்டர் எதிர்பார்த்த கேப் முனைக்கு நேராக நிற்காது. பின் துளையும் நேர்ப்படாமல் போகலாம். லேத்காரரிடம் எண்ணெய் ஊறும் வெண்கலப் புஷ் கேளுங்கள். மாட்டுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க எஞ்சின் எண்ணெயில் ஊறட்டும். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.001 முதல் 0.0015 அங்குலம் விட்டு ரீமர் போட வேண்டும். உடலின் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்க் குப்பியைத் திறந்து அழுக்கைச் சுரண்டி, திரியை மாற்றுங்கள். அது அடைத்துக்கொண்டதால்தான் பழைய புஷ் தேய்ந்திருக்கும்.

ரோட்டர் சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில், ஷாஃப்டின் தலையைத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் அதை உடனே திரும்ப இழுக்க வேண்டும். மெதுவாகவோ பாதியிலோ நின்றால் எடைக்கட்டிகளின் பின்னில் துரு அல்லது காய்ந்த கிரீஸ் இருக்கிறது. ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருந்தால் அதே டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து இரண்டையும் ஜோடியாக எடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் முன்னேற்றம், அதாவது வேகம் கூடும்போது பொறி முன்கூட்டி வருவது, கோணலாகும்.

இந்த எஞ்சினில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வேக்யூம் முன்னேற்றம் (எஞ்சினின் உறிஞ்சலால் பொறியை முன்கூட்டும் அமைப்பு) உள்ளே இருக்கும் தகட்டை மட்டும் திருப்புவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் முழு உடலையும் பிளாக்கின் துளைக்குள் திருப்புகிறது. துளையில் துரு ஏறி உடல் இறுகியிருந்தாலோ, கீழே உள்ள கிளாம்பை யாராவது முறுக்கி இறுக்கியிருந்தாலோ வேக்யூம் டப்பா புதிதாக இருந்தும் வேலை செய்யாது. துளையையும் உடலின் கழுத்தையும் சுத்தம் செய்து, லேசாக எண்ணெய் தடவி, கையால் தள்ளினால் சுழன்று தானே திரும்பும்படி வையுங்கள். உடல் அசைவதால் காயிலிலிருந்து வரும் சிறு வயரும் ஒவ்வொரு முறையும் மடங்குகிறது. நூலுறைக்குள் தாமிர இழை அறுந்தும் வெளியே முழுசாகத் தெரியும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வயரை வளைத்துப் பாருங்கள். மெல்லிழைகள் நிறைய உள்ள வயரையே போடுங்கள். உடலில் அது நுழையும் இடத்து இன்சுலேட்டர் உடைந்திருந்தால் கடினமான மின்காப்புத் தகடான ஹைலம் ஷீட்டில் வெட்டிக் கொள்ளலாம்.

பாயிண்ட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். உடலில் அடித்திருக்கும் ஏழு இலக்க டெல்கோ எண்ணையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வண்டியின் ஆண்டைச் சொல்லிக் கேட்பதைவிட அது நம்பகமானது, ஏனென்றால் எழுபது ஆண்டுகளில் யார் எதை மாற்றிப் போட்டார்கள் என்று தெரியாது. புதிதாக வரும் மலிவுப் பாயிண்டுகளில் ஸ்பிரிங் தளர்வாக இருப்பதும், இரு முகங்களும் நேர்ப்படாமல் இருப்பதும் அடிக்கடி நடப்பது. சிறு ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள். 17 முதல் 21 அவுன்ஸ், அதாவது சுமார் 480 முதல் 600 கிராமில் திறக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் பாயிண்ட் மிதக்கும், கூடினால் ஷாஃப்டின் கேமில் (பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடுகள்) உரசும் ஃபைபர் குதிகால் சீக்கிரம் தேயும். பாயிண்ட் கிடைக்கவே இல்லை, ஆனால் பழையதின் டங்ஸ்டன் நன்றாக இருக்கிறது என்றால், தேய்ந்த குதிகாலுக்குப் பதில் ஹைலம் துண்டை அதே அளவில் அரைத்து ரிவெட் அடிக்கலாம். நுண்ணிய பாயிண்ட் அரத்தால் முகங்களைச் சமமாக்கிவிட்டு, சுத்தமான அட்டையை இடையே விட்டு இழுங்கள். எமரி தாள் வேண்டாம். அதன் துகள் டங்ஸ்டனில் பதிந்துகொண்டு எரிக்கும். கேமில் உளுந்தளவு கெட்டி கிரீஸ் போதும்.

புதுப் பாயிண்டுக்கு இடைவெளி 0.018 அங்குலம், ஓடிய பாயிண்டுக்கு 0.016. புதுக் குதிகால் முதலில் கொஞ்சம் தேயும் என்பதால்தான் இந்த வித்தியாசம். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள்.

கண்டென்சரில் மட்டும் பழைமை மேல் ஆசை வேண்டாம். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு அழகாக இருக்கும். ஆனால் உள்ளே காகிதம் ஈரம் குடித்திருக்கும். குளிரில் கிளம்பி, சூடானதும் இருமி நின்று, ஆறிய பின் மறுபடி ஓடும் லாரியில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். பாயிண்டில் பெரிய மஞ்சள் பொறி தெரிவது அடுத்த அறிகுறி. வேண்டியது 0.18 முதல் 0.23 மைக்ரோஃபாரட். அம்பாசிடருக்கு வரும் லூகாஸ் வகைக் கண்டென்சர் இந்த அளவை ஒட்டியே இருக்கும். மீட்டரில் அளந்துவிட்டு, ஒரு பட்டை வெட்டி உடலின் வெளியே பூட்டலாம். தோற்றம் கெடக்கூடாது என்றால் பழைய டப்பாவைக் காலி செய்து, 0.22 மைக்ரோஃபாரட், 1000 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டரை உள்ளே வைத்து எபாக்சியால் மூடுங்கள்.

கேப்பில் உள்பக்கம் பென்சில் கோடு போலக் கருங்கோடு ஓடியிருந்தால் அது மின்சாரம் கசிந்த பாதை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, மாற்றியே ஆக வேண்டும். அலுமினிய முனைகளைவிடப் பித்தளை முனை உள்ளதைத் தேடுங்கள். ரோட்டர் உள்ளுக்குள் பொத்திருக்கிறதா என்று பார்க்க, காயில் வயரை அதன் தகட்டிலிருந்து 5 மி.மீ. தூரத்தில், கையில் காப்புடன் பிடித்துக்கொண்டு பாயிண்டைத் திறந்து மூடுங்கள். பொறி தாவினால் ரோட்டர் ஷாஃப்டுக்குக் கசிகிறது.

மின்சாரம் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். இங்கே 12 வோல்ட் வண்டியில் மன்னிக்கப்படும் தவறுகள் மன்னிக்கப்படாது. பேட்டரிக் கேபிள் 70 சதுர மி.மீ. போடுங்கள், மெல்லிய கேபிளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு மிச்சம் எதுவும் போகாது. பாயிண்ட் மூடியிருக்க, பேட்டரி பாசிட்டிவுக்கும் காயிலுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் சுவிட்சின் முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். காயிலின் நெகட்டிவ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் ப்ளக்குக்கும் வயருக்கும் நடுவே பென்சில் முனையைப் பிடியுங்கள்: பொறி ப்ளக் பக்கம் விரிந்தால் சரி, வயர் பக்கம் விரிந்தால் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மாட்டும்போது உடல் முழுதாக உட்கார மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஷாஃப்டின் அடிநாக்கு எண்ணெய் பம்பின் வெட்டில் சேரவில்லை. நீண்ட ஸ்குரூ டிரைவரால் பம்பைச் சற்றுத் திருப்பிவிட்டு மீண்டும் இறக்குங்கள். தீப்பிடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. ஸ்டார்ட்டருக்கு மேலே ஃப்ளைவீல் உறையில் ஒரு சன்னல் உண்டு. அதில் தெரியும் எஃகுக் குண்டுதான் பிஸ்டன் எட்டும் மேல்மட்டத்துக்கு 5 டிகிரி முன்குறி. ஒன்றாம் சிலிண்டரை அழுத்த வீச்சில் குண்டுக்குக் கொண்டு வந்து, ஆக்டேன் செலக்டரை (பெட்ரோலின் தரத்துக்கேற்ப டைமிங்கை முன்பின் நகர்த்தும் அமைப்பு) சுழியில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 6 வோல்ட் பல்பைக் கொடுத்து, சாவியைப் போட்டு, உடலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியும் அந்த நொடியில், வேக்யூமுக்கு உடல் சுழலும்படி விட்டுப் பூட்டுங்கள்.

இன்றைய பெட்ரோல் அன்றையதைவிட மேல் என்பதால் செலக்டரை ஒன்றிரண்டு டிகிரி முன்னே தள்ளலாம். பாரம் ஏற்றி மேட்டில் இழுக்கும்போது கிலுகிலு என்று தட்டும் ஓசை கேட்டால் உடனே பின்னுக்கு வாருங்கள். 216-இன் கனெக்டிங் ராடுகளில் இருப்பது உருக்கி ஊற்றிய பாபிட் என்னும் மென்மையான பேரிங் உலோகம். அந்தத் தட்டலைத் தாங்காது. அதை மறுபடி ஊற்றிக் கடைந்து தரத் தெரிந்த பட்டறைகள் இப்போது சில மட்டுமே.